லைமன் தர்லோவின் நாலாவது சிம்பொனியும் அவர் வீடும்

லைமன் தர்லோவின் முதல் சிம்பொனி எங்கள் ஊர் மன்றத்தில் அரங்கேறிய ஞாயிற்றுக்கிழமை மதியம், அவருடைய வீடு அஸ்திவாரத்தை விட்டு எழுந்து, மெதடிஸ்ட் தேவாலயத்தைத் தாண்டிப் போய், பாதிரியாரின் உருளைக்கிழங்கு வயலில் உட்கார்ந்துகொண்டது. அது 1931, ஏப்ரல் மாதம். வேலியோரங்களில் பனி இன்னும் அழுக்காகக் கிடந்தது. அடுப்பின் மேலிருந்த பீன்ஸ் பானையிலிருந்து ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. மேய்ன் மாநிலத்தில், அதிலும் எங்கள் டன்ஹாம் மில்ஸில், வீடு நகர்வதை யாரும் வாய் பிளந்து பார்ப்பதில்லை. இடம் பிடிக்கவில்லை என்றால் வீட்டைப் பெயர்த்து, அடியில் உருளைக்கட்டை கொடுத்து, எருதுகளைப் பூட்டி, உறைந்த ஆற்றின் மேலாக இழுத்துப் போய் அக்கரையில் வைப்பது எங்கள் பாட்டன் காலத்திலிருந்து நடப்பதுதான். எருதில்லாமல் போனது மட்டும்தான் புதிது. அதையும் ஒரு வாரம் பேசினோம். பிறகு ஆற்றில் மீன் ஏற ஆரம்பித்துவிட்டது, அவரவர் வேலையைப் பார்க்கப் போனோம்.

லைமன் உயர்நிலைப் பள்ளியில் பாட்டு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பார். நெட்டையான மனிதர், எங்கேயும் உட்காரமாட்டார். சவரக்கடையில்கூட நின்றுகொண்டே முடி வெட்டிக்கொண்டவர் எங்கள் ஊரில் அவர் ஒருவர்தான். அவர் மனைவி ஐடெல்லா மெதடிஸ்ட் பாதிரியாரின் மகள். மெதடிஸ்டுகள் தங்கள் பாதிரியாரை ஓர் ஊரில் வேர்விட விடமாட்டார்கள்; இரண்டு மூன்று வருடத்துக்கொரு முறை பிஷப் பெயரைப் படிப்பார், பாதிரியார் பெட்டி கட்டுவார். அப்படி ஊர் ஊராகத் தேவாலயத்து வீடுகளில், யாரோ வாங்கிப்போட்ட கட்டிலில் படுத்து, யாரோ நட்ட ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றி வளர்ந்தவள் ஐடெல்லா. ஒரு செடி நட்டு அது காய்த்துப் பார்த்ததில்லை. லைமனைக் கல்யாணம் செய்துகொண்டதற்குக் காரணம் கேட்டால் ஒளிக்காமல் சொல்வாள். "அவர் மூஞ்சிக்கா கட்டிக்கிட்டேன்? தர்லோ குடும்பம் எண்பது வருஷமா அதே வீட்ல இருக்குன்னாங்க. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்." வந்த வருடமே சமையலறைக் கதவோரம் ஒரு பேரிக்கன்று நட்டாள். ஐந்தாம் வருடம் வீடு கிளம்பிவிட்டது. மரம் அங்கேயே நின்றது.

அன்று மன்றத்திலிருந்து இருவரும் நடந்து வந்து, வீடு இருந்த இடத்தில் கல் கட்டிய நிலவறைக் குழி மட்டும் வாய் திறந்து கிடப்பதைப் பார்த்தார்கள். ஐடெல்லா முதலில் குழியைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள். "என்ன பண்ணித் தொலைச்ச, லைமன்?" என்றாள். "சிம்பொனி வாசிச்சோம்" என்றார் அவர். வேறு என்ன சொல்வார், பாவம்.

எங்கள் இசைக்குழுவைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வந்த வினை எல்லாம் அதிலிருந்துதான். காகித ஆலைக்காரர்கள், இரண்டு பல் வைத்தியர்கள், பள்ளி ஆசிரியைகள், இரண்டாம் வயலினில் என்னைப் போல் மரக்கடைக்காரர்கள் என்று திரட்டிய குழு. உலகம் முழுக்க இசைக்குழுக்கள் ஓபோ என்ற குழலின் நாதத்தைக் கேட்டு ஸ்ருதி சேர்ப்பார்கள். எங்கள் ஓபோக்காரர் மருந்துக்கடை பெர்ஸி குட்டேல் கடையைச் சாத்திவிட்டு ஒரு நாளும் நேரத்துக்கு வந்தது கிடையாது. ஒத்திகை தொடங்கும் வேளையில்தான் ஆலையில் ஷிப்ட் மாறும் நீராவி விசில் ஊதும். நாங்கள் அந்த விசிலுக்கு ஸ்ருதி சேர்த்துக்கொண்டு ஆரம்பித்துவிடுவோம். கச்சேரி ஞாயிறு என்றால் ஆலையில் சொல்லிவைத்து ஒரு தடவை ஊதச் சொல்வோம். விசில் நியாயமான ஸ்ருதியைவிட ஒரு பிசிறு மேலே நின்றது. தந்திகள் அறுந்தன, குழல்காரர்களின் கழுத்து நரம்பு புடைத்தது, ஆனாலும் சங்கீதம் என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தோம். லைமன் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து கேட்ட விசில் அது. தன் வீட்டுப் பியானோவையும் அதற்கே முறுக்கி வைத்திருந்தார். யாரும் இதை ஒரு விஷயமாக எண்ணவில்லை.

முப்பத்து நாலில் 'ஆற்றில் மரக்கட்டைகள்' என்று ஒரு முன்னிசை எழுதினார். அதை வாசித்து முடித்தபோது வீடு வயலிலிருந்து எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, சமையலறை வடக்கைப் பார்க்க ஆற்றங்கரையில் நின்றது. அந்தக் குளிர்காலம் முழுக்க ஐடெல்லா கம்பளிக் கையுறையோடு ரொட்டி பிசைந்தாள். முப்பத்தெட்டில் இரண்டாம் சிம்பொனி. அதன் கடைசிப் பகுதியில் வீடு இருப்புப்பாதையைக் கடந்தது, பேங்கோர் போகும் ரயில் காத்துக்கிடந்தது, ரயில்காரர்கள் சன்னல் வழியே காப்பி வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள். தபால்காரர் காலையில் ஊரை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் தர்லோ வீட்டுத் தபாலை எங்கே போடுவது என்று முடிவுசெய்தார். வீடு போன இடமெல்லாம் நிலத்துக்காரர்கள் கொஞ்சம் முனகினார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். ஐடெல்லா மட்டும் தினமும் வாளியைத் தூக்கிக்கொண்டு பழைய இடத்துக்கு நடந்து, பேரிமரத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தாள். ஒவ்வொரு உருப்படிக்கும் அந்த நடை நீண்டது. மரம் காய்த்தது; பறித்தது போக மற்றவை குழிக்குள் உதிர்ந்து அழுகின.

பாஸ்டனில் ஒரு பெரிய குழு இரண்டாம் சிம்பொனியை ஒரு தடவை வாசித்தது. லைமனும் ஐடெல்லாவும் நல்ல துணி உடுத்திக்கொண்டு ரயிலேறிப் போனார்கள். நாங்கள் ஊரில் வீட்டைச் சுற்றி நின்று பார்த்தோம். அது அசையவே இல்லை. மறுநாள் பத்திரிகையில் ஒருவர், இந்த இசைக்கு எங்கேயோ போகவேண்டும் என்ற அவசரம் இருக்கிறது, எங்கே என்பதுதான் அதற்கே தெரியவில்லை என்று எழுதினார். லைமன் அதைப் படித்துவிட்டு அறைக்குள் மூன்று நாள் நடந்தார். நாங்களோ உள்ளுக்குள் குளிர்ந்துபோனோம். வீடு எங்கள் கைக்குத்தான் கட்டுப்படும், பட்டணத்துக்காரன் கைக்கு அல்ல என்று மார்தட்டிக்கொண்டோம். அன்றைக்கே ஒருவனாவது கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

போர் முடிந்த மறு வருடம் மூன்றாவது சிம்பொனி. அதற்கு வீடு குன்றின் மேல் ஏறி, கருங்கல் குவாரியின் விளிம்பில் போய் நின்றது. பின்கதவைத் திறந்தால் படி இல்லை, கீழே பச்சைத் தண்ணீர். ஐடெல்லா அந்தக் கதவை ஆணியடித்து மூடினாள். சுத்தியலைக் கீழே வைக்காமலே லைமனிடம் பேசினாள். சன்னல் திறந்திருந்ததால் குன்றடியில் இருந்த எங்களுக்கும் கேட்டது.

"இன்னொண்ணு எழுது, வீடு நேரா குவாரிக்குள்ள. நானும் கூடவே. அதான் வேணுமா?"

"நான் எழுதலை, ஐடெல்லா. இனிமே எழுதவே மாட்டேன்."

எழுதவில்லைதான். மூன்று வருடம் பேனாவைத் தொடவில்லை. அந்த மூன்று வருடம் ஊர் பட்ட பாடு சொல்லி மாளாது. லைமன் சாப்பாட்டு மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்ததில் தரைப்பலகையில் பள்ளம் விழுந்தது. அவர் தெருவில் போனால் இரண்டு பக்க வீடுகளிலும் கரண்டிகள் அலமாரிக்குள் கலகலத்தன. பசுக்கள் தொழுவத்தில் படுக்காமல் நின்றன, பால் குறைந்தது. பிரசங்கத்தில் பாதியிலேயே ஜனங்கள் எழுந்து வெளியே போய்விட்டு, எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் திரும்பி வந்தார்கள். கல்யாணம் நிச்சயமானவர்கள் ஒத்திப்போட்டார்கள், நிச்சயமாகாதவர்கள் ஓடிப்போனார்கள். கடைசியில் பெர்ஸி குட்டேல் குன்றேறிப் போய் ஐடெல்லாவிடம் கெஞ்சினார். "மிஸஸ் தர்லோ, தூக்க மாத்திரை வித்து வித்து எனக்கே அலுத்துப்போச்சு. அவரை எழுத விடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

ஐடெல்லா யோசித்தாள். அவளும் தூங்கித்தான் எத்தனை நாள் ஆகியிருந்தது. அன்று இரவுச் சாப்பாட்டில் புருஷனைக் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "எழுது. ஆனா மெதுவா ஒண்ணு எழுது. ஓடாம, குதிக்காம. எழுதி, எங்கேருந்து கிளப்பினியோ அங்கயே கொண்டுபோய் வை. எனக்கு என் மரத்துக்குப் பக்கத்துல சாகணும்."

இது லேசான காரியமில்லை. லைமனின் சங்கீதத்தில் மெதுவான பகுதி என்று ஒன்று உருப்பட்டதே கிடையாது. தாளில் மெதுவாக என்று எழுதித்தான் கொடுப்பார். வாசிக்க ஆரம்பித்தால் பத்தாவது வரியில் எங்கள் கை தானாக வேகம் பிடிக்கும், கடைசியில் பெரிய பிடில்காரர்கள் நாக்குத் தள்ளி நிற்பார்கள். அது எங்கள் குற்றமில்லை, அந்த ஸ்வரங்களுக்குள்ளேயே யாரோ குதிகால் தட்டிக்கொண்டிருந்தார்கள். நாலாவது சிம்பொனியின் மற்றப் பகுதிகளை லைமன் ஒரே கோடையில் முடித்தார். மெதுவான பகுதிக்கு ஏழு வருடம் ஆனது. எழுதுவார், கிழிப்பார், குவாரியில் எறிவார். தண்ணீரில் காகிதம் மிதப்பதை வைத்தே அவருடைய மனநிலையை நாங்கள் கணித்தோம். தலை நரைத்தது. இப்போது சில நேரம் நாற்காலியில் உட்காரவும் ஆரம்பித்திருந்தார், அதைப் பார்க்க எங்களுக்குத்தான் பயமாக இருந்தது.

அதற்குள் ஊரில் இரண்டு மாற்றங்கள் வந்தன. ஆலையில் நீராவி விசிலைக் கழற்றிவிட்டு மின்சாரச் சங்கு வைத்தார்கள். அது ஒரு ஸ்ருதியில் நிற்காமல் ஏறி இறங்கி ஊளையிட்டது, அதோடு யாரும் எதையும் சேர்க்க முடியாது. குழுவை நடத்தப் பல்கலைக்கழகத்தில் படித்த ரேமண்ட் விட்கம் என்ற இளைஞர் வந்தார். பெர்ஸியும் கடையை மருமகனிடம் விட்டிருந்ததால் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார். விட்கம் ஓபோவை வைத்து ஸ்ருதி சேர்க்கச் சொன்னார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாகச் சரியான ஸ்ருதியில் வாசித்தோம். கழுத்து வலி நின்றது. தந்தி அறுவது நின்றது. எவ்வளவு சுகம் என்று ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டோம்.

ஐம்பத்தாறு அக்டோபரில் நாலாவது சிம்பொனி அரங்கேறியது. லைமன் மன்றத்தில் முன்வரிசையில், குன்று தெரியும் சன்னலோரம் உட்கார்ந்தார். ஐடெல்லா வீட்டைவிட்டு வர மறுத்துவிட்டாள். போனாலும் வந்தாலும் உள்ளே இருந்தே பார்க்கிறேன் என்று, தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். மெதுவான பகுதி வந்தது. மெதுவாகவே இருந்தது. எங்கள் கை ஓடவில்லை. அழகாகக்கூட இருந்தது. ஆனால் குன்றின் மேல் வீடு முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. கைதட்டல் முடியும் முன்பே லைமன் எழுந்து குன்றேறிப் போனார்.

"நகரலையா?"

"நகரலை."

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "மெதுவாங்கறது எனக்கு வரலை, ஐடெல்லா. ஏழு வருஷம் பாத்துட்டேன். வரலை." அவள் அவருடைய ஷூவைக் கழற்றிவிட்டாள். ஜனவரி மாதம், நாற்காலியில் அப்படி உட்கார்ந்தபடியே இறந்துபோனார். ஒரு மனிதன் உட்கார்ந்துவிட்டானே என்று ஒரு ஊர் அழுதது அன்றைக்குத்தான்.

எங்கள் பக்கம் ஜனவரியில் செத்தவரை ஜனவரியில் புதைக்க முடியாது. மண் இரும்பாக இறுகிக் கிடக்கும். கல்லறைத் தோட்டத்து வாசலில் ஒரு கல் அறை உண்டு. குளிர்காலத்தில் போனவர்கள் எல்லாம் அதற்குள் பெட்டியோடு காத்திருந்து, மே மாதம் மண் இளகியதும் அவரவர் குழிக்குப் போவார்கள். லைமனையும் அங்கேதான் வைத்தோம். அவர் எப்படிக் காத்திருக்கப்போகிறார் என்று சிலர் கிசுகிசுத்தார்கள். பூட்டை மட்டும் இரண்டாகப் போட்டோம்.

மார்ச்சில் மேப்பிள் மரங்களில் சாறு இறங்கியது. ஆலையில் கொதிகலன் பார்த்து ஓய்வுபெற்ற ஒரேல் திபோடோ, அந்தப் பழைய பித்தளை விசிலைக் குப்பையில் போட மனமில்லாமல் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்திருந்தார். அந்தச் சாற்றைப் பாகாகக் காய்ச்ச ஆற்றின் அக்கரையில் அவர் போட்டிருந்த கொட்டகையில் ஒரு பழைய கொதிகலன் இருந்தது. முதல் பாகு இறங்கிய நாளில், எங்கள் பக்கத்து வழக்கப்படி பனிமேல் சூடான பாகு ஊற்றிப் புளிப்பு வெள்ளரி ஊறுகாயோடு சாப்பிட அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட வேண்டுமே என்று, விசிலை அதில் மாட்டி ஒரு இழுப்பு இழுத்தார். குன்றின் மேல் ஐடெல்லாவின் வீட்டில், மூடிக் கிடந்த பியானோவுக்குள் ஒரு தந்தி பதில் சொன்னது. தரை சிலிர்த்தது. அலமாரியில் கோப்பைகள் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பின. ஐடெல்லா மேலங்கியைக்கூட மாட்டாமல் பனியில் இறங்கி ஓடிவந்தாள்.

கொட்டகையில் பாகு தின்றுகொண்டிருந்த பெர்ஸியைப் பிடித்து உலுக்கினாள். "அக்டோபர்ல எதை வச்சு ஸ்ருதி சேத்தீங்க?"

"என் ஓபோவைத்தான் வச்சு. ஏன்?"

"முப்பது வருஷம் லேட்டா வந்த, ஊர் ஒழுங்கா இருந்துச்சு. அந்த ஒரு நாள் பாத்து நேரத்துக்கு வந்து கெடுத்தியே, பாவி!" என்று சொல்லிவிட்டு அவர் தோளிலேயே தலைவைத்து அழுதாள். பெர்ஸி கையில் ஊறுகாயோடு நின்றார். எங்களுக்கெல்லாம் அப்போதுதான் உறைத்தது. விசில் ஸ்ருதியில் லைமன் எழுதியதை நாங்கள் வாசிக்கவே இல்லை.

திரும்ப வாசிக்கவேண்டும் என்றாள் ஐடெல்லா, அதுவும் லைமனை மண்ணில் வைப்பதற்குள். "தோத்துட்டோம்னு நினைச்சுக்கிட்டே அவர் குழிக்குள்ள போகக் கூடாது" என்றாள். குழுவில் பெரிய சண்டை நடந்தது. பழைய ஸ்ருதியில் எங்கள் கை எப்படி ஓடும் என்பது எங்களுக்குத் தெரியும். ஓடினால் வீடு போய் விழுவது குவாரிக்குள்தான். வீட்டை விட்டு வெளியே வந்து நில்லுங்கள், வாசிக்கிறோம் என்று சொல்லிப் பார்த்தோம். அவள் கேட்கவில்லை. விட்கம் குழுவை நடத்தும் கோலைக் கீழே வைத்துவிட்டு, "மேடம், இதுல உங்க உயிர் இருக்கு" என்றார். "அந்த வீட்ல என் வயசே இருக்கு. நீ கோலைத் தூக்கு, தம்பி" என்றாள் ஐடெல்லா.

ஏப்ரல் கடைசி ஞாயிறு. மன்றத்தின் சன்னல்களை எல்லாம் திறந்துவைத்தோம். அக்கரையிலிருந்து ஒரேல் விசிலை ஊதினார். ஊதி, நாங்கள் சேர்த்து முடிக்கும்வரை விடாமல் பிடித்திருந்தார். என் பக்கத்தில் இரண்டு தந்திகள் அறுந்தன. மற்றப் பகுதிகளைத் தொடவில்லை, நேராக மெதுவான பகுதிக்குப் போனோம். முதல் வரியிலேயே வீடு எழுந்தது. எழுந்து, குவாரியின் பக்கம் ஓர் அடி வைத்தது. வில்லை வேகமாக இழுக்கச் சொல்லி உடம்பு துடித்தது, எல்லோருக்கும் துடித்திருக்கும். ஆனால் அந்த இசை இடம் கொடுக்கவில்லை. அவசரப்பட்ட ஒவ்வொரு இடத்திலும் லைமன் ஒரு நீண்ட ஸ்வரத்தைக் குறுக்கே போட்டுவைத்திருந்தார், வாசலில் படுத்த கிழட்டு நாயைப் போல. தாண்ட முடியாது, நின்றுதான் போகவேண்டும். ஏழு வருடம் அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட தடைகள் அவை. வீடு விளிம்பில் நின்றது, பிறகு திரும்பியது.

குன்றிலிருந்து பசு இறங்குவதைவிட மெதுவாக இறங்கியது. இருப்புப்பாதையில் நின்றது, ஆற்றங்கரையில் நின்றது, பாதிரியார் வயலில் நின்றது. தங்கிய இடங்களில் எல்லாம் விடைபெறுவதுபோல் கொஞ்சம் கொஞ்சம் நின்றது. வீடு கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு வந்தபோது எங்கள் தாளில் நெடிய மௌனம் ஒன்று எழுதியிருந்தது. யாரும் மூச்சுவிடவில்லை, வீடும் அந்தக் கல் அறைக்கு எதிரே அசையாமல் நின்றது. பிறகு பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கே நாங்கள் யாரும் யோசிக்காத ஒரு சிக்கல். ஐடெல்லா நட்ட மரம் ஓரமாக நின்றது சரி, ஆனால் அத்தனை வருடம் குழிக்குள் விழுந்த பேரிக்காய்களில் ஒன்று முளைத்து, நிலவறையின் நடுவிலிருந்து இன்னொரு மரம் கூரை உயரத்துக்கு வளர்ந்திருந்தது. வீடு அதன் மேல் தயங்கி நின்றது. கடைசி ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தோம். குழல்காரர்கள் நீலம் பாரித்தார்கள். சமையலறைப் பலகைகள் ஒவ்வொன்றாக விலகி மரத்துக்கு வழிவிட்டன, கூரையும் விலகியது, வீடு தன் கல்மேல் உட்கார்ந்தது.

நாங்கள் வாத்தியங்களோடு ஓடிப்போய்ப் பார்த்தபோது, ஐடெல்லா தொப்பியும் கையுறையுமாக அடுப்புக்கும் மரத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். தண்டின்மேல் கை வைத்திருந்தாள். "வந்துட்டியா? இவ்வளவு நேரமா உனக்கு?" என்றாள். மரத்திடம் கேட்டாளா, வீட்டிடமா, வேறு யாரிடமா என்று நாங்கள் கேட்கவில்லை. பெர்ஸி தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

அடுப்புச் சூட்டில் அந்த மரம் ஊரில் எல்லாவற்றுக்கும் முன்னால் பூத்தது. மே மாதம் மண் இளகியபோது லைமனின் பெட்டிமேல் அந்தப் பூக்களைத்தான் போட்டோம். கல் அறையில் இரண்டு பூட்டும் போட்டபடியே இருந்தன. ஐடெல்லா இன்னும் பத்தொன்பது வருடம் அந்த வீட்டில் இருந்து, விரும்பியபடியே மரத்தடியில், சமையலறையில் இறந்தாள். செப்டம்பரில் பேரிக்காய் தட்டில் நேராக விழும், எழுந்திருக்கவே வேண்டாம் என்று பெருமையடித்துக்கொள்வாள்.

பிற்பாடு நெடுஞ்சாலையை அகலப்படுத்த வந்தவர்கள் வீட்டைக் கொஞ்சம் தள்ளி வைக்கப் பார்த்தார்கள். இயந்திரம் வைத்து இழுத்தார்கள், சங்கிலிதான் அறுந்தது. யாரோ ஒருவர் எங்களைக் கூப்பிட்டு முதல் சிம்பொனியை வாசிக்கச் சொன்னார். நாங்கள் ஒத்திகை இருக்கிறது என்று சொல்லிவிட்டோம். கடைசியில் சாலையை வளைத்துக்கொண்டு போனார்கள். எதிரே வருவது தெரியாத வளைவு, பேரிமரம் வேறு கூரைக்கு மேலிருந்து கிளை நீட்டுகிறது. பாஸ்டனிலிருந்து காரில் பறந்து வருகிறவர்கள்கூட அந்த இடத்தில் மெதுவாகத்தான் போகவேண்டும்.